எதுகை, மோனை, இயைபு: கவிதையின் ஓசையைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

மேடையில் ஒருவர் "நேற்றுவரை போராட்டம், இன்றுமுதல் கொண்டாட்டம்!" என்று முழங்குகிறார். கைதட்டல் எழுகிறது. "என்னமா எதுகை மோனையோட பேசுறார் பாருங்க" என்று பக்கத்தில் இருப்பவர் வியக்கிறார். அந்த வாக்கியத்தில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. இருப்பது இயைபு மட்டும்தான்.

இது பெயர்க் குழப்பம் மட்டும் அல்ல. கடைசியில் ஒரே மாதிரி முடிந்தால் கவிதை, வரிகள் ஒரே நீளத்தில் இருந்தால் யாப்பு, சொன்னதையே திரும்பச் சொன்னால் அழகுக்காக என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இன்னொரு பக்கம், பள்ளியில் அலகிட்டு, அதாவது பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, வாய்பாடு எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தேமா, புளிமா எல்லாம் மனப்பாடமாக வரும். ஆனால் அதை வைத்து ஒரு கவிதையைப் பற்றி என்ன சொல்லலாம் என்று கேட்டால் தயங்குவார்கள். கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தார்கள், கணக்கு எதற்கு என்று சொல்லவில்லை.

ஒரு பாட்டின் ஓசையைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேட்கிறோம். பாட்டு எப்படி நடக்கிறது? எந்த ஒலி எந்த இடத்தில் திரும்பி வருகிறது? எந்தச் சொல் மறுபடி மறுபடி வருகிறது? இவற்றுக்கு விடை கிடைத்ததும் கடைசியாக ஒன்றைக் கேட்க வேண்டும்: இதெல்லாம் பொருளுக்கு என்ன செய்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் முன்னது மூன்றும் வெறும் பட்டியல்தான்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறளை வைத்துத் தொடங்குவோம்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

அசை: எழுத்தை எண்ணாதீர்கள், குரலைக் கேளுங்கள்

பாட்டின் நடையை அளக்க எழுத்துகளை எண்ணுவதோ சொற்களை எண்ணுவதோ உதவாது. 'கா' என்பது ஓர் எழுத்து, 'கல்' என்பது இரண்டு எழுத்து. ஆனால் இரண்டையும் குரல் ஒரே வீச்சில் சொல்லி முடிக்கிறது. 'கடல்' அப்படி இல்லை. 'க' என்று தொடங்கி நிற்க முடியாமல் 'டல்' என்று ஓடிப்போய்த்தான் நிற்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் நம் இலக்கணக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். குரல் ஒரு தடவையில் நகரும் அளவுக்கு அசை என்று பெயர். அசை இரண்டே வகை. நின்று ஒலிப்பது நேர், ஓடி நிற்பது நிரை.

பிரிக்கும் முறை நினைப்பதைவிட எளிது. இடமிருந்து தொடங்குங்கள். புள்ளி வைத்த எழுத்து, அதாவது ஒற்று, எப்போதும் தனக்கு முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அது அசையை மூடுமே தவிர, புதிய அசையை உண்டாக்காது. நெடில் வந்தால் அது தனியாகவே நிற்கும், அது நேர். குறில் வந்தால் அடுத்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒற்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும், அதுவும் நேர். ஒற்று இல்லாமல் இன்னோர் எழுத்து, குறிலோ நெடிலோ, வந்தால் அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், அது நிரை. கடைசியில் ஒரு குறில் மட்டும் மீந்தால் அது நேர்.

நம் குறளில் போட்டுப் பார்ப்போம். 'கற்க': க என்ற குறிலை ற் மூடுகிறது, எனவே 'கற்' நேர். மீந்த 'க' இன்னொரு நேர். 'கசடறக்': க அடுத்த ச-வைச் சேர்த்துக்கொள்கிறது, 'கச' நிரை. ட அடுத்த ற-வைச் சேர்த்துக்கொண்டு க்-கில் முடிகிறது, 'டறக்' நிரை.

இந்த இடத்தில் ஒரு சிறு விஷயம். இணையத்தில் பலர் 'கற்கக் கசடறக்' என்று க் சேர்த்து எழுதுகிறார்கள். 'கற்க' என்பது வியங்கோள், அதாவது 'கற்க வேண்டும்' என்று பணிக்கும் வினை. அதனால் அங்கே வல்லினம் மிகாது, க் வேண்டாம். ஆனால் தவறாகச் சேர்த்தாலும் அசை மாறாது என்பதைக் கவனியுங்கள். 'கற்-க' ஆனாலும் 'கற்-கக்' ஆனாலும் நேர் நேர்தான். ஓசை சரியாக இருக்கிறது என்பதாலேயே எழுத்தும் சரி என்று ஆகிவிடாது.

சீர்: அசைகள் சேர்ந்த துண்டு

அசைகள் சேர்ந்து வருவது சீர். இரண்டு அசை உள்ள சீருக்கு நான்கு வடிவங்கள்தான் இருக்க முடியும். நேர் நேர், நிரை நேர், நிரை நிரை, நேர் நிரை. இவற்றுக்குத் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்து அவதிப்படத் தேவையில்லை. பெயரே அந்த வடிவத்தில் இருக்கிறது. தே-மா, புளி-மா, கரு-விளம், கூ-விளம். பெயரைச் சொல்லிப் பார்த்தாலே நடை வந்துவிடும். மனிதர்களின் பெயரிலும் இதே வடிவங்கள் உண்டு. ராதா தேமா, முருகன் புளிமா, மலர்விழி கருவிளம், வாசுகி கூவிளம். உங்கள் பெயர் எதில் வரும் என்று பாருங்கள்.

கடைசியில் இன்னொரு நேர் சேர்ந்தால் தேமாங்காய், புளிமாங்காய் என்று காய்ச்சீர் ஆகும். குறளின் கடைசிச் சீர் மட்டும் இன்னும் குட்டையாக, ஓர் அசையாகவோ அதோடு ஓர் உகரம் சேர்ந்தோ வரும். அதற்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று நான்கு பெயர்கள். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

முழுக் குறளும் இப்போது இப்படி நிற்கும்.

கற்-க: தேமா
கச-டறக்: கருவிளம்
கற்-பவை: கூவிளம்
கற்-றபின்: கூவிளம்
நிற்-க: தேமா
அதற்-குத்: புளிமா
தக: மலர்

சீரும் சொல்லும் ஒன்று என்று நினைப்பது அடுத்த பெரிய குழப்பம். இந்தக் குறளில் பெரும்பாலும் ஒரு சீர் ஒரு சொல்லாக அமைந்துவிட்டதால் அப்படித் தோன்றும். வேறு பாடல்களில் சீர் ஒரு சொல்லின் நடுவிலேயே வெட்டும். பாரதியின் பாப்பாப் பாட்டில் 'ஓய்ந்திருக்க லாகாது' என்று அச்சில் பார்த்திருப்பீர்கள். சொல் 'ஓய்ந்திருக்கல் ஆகாது'. ல் அடுத்த சீருக்குப் போய்விட்டது. பழைய பாடல்களைப் படிக்கத் தொடங்குபவர்கள் மிரள்வதற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். 'யாரா கியரோ' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து 'கியரோ' என்றால் என்ன என்று அகராதியில் தேடினால் கிடைக்காது. அது 'யார் ஆகியரோ'. கண்ணுக்குச் சீர் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள், பொருளுக்கு நாம்தான் சொல் பிரித்துக்கொள்ள வேண்டும்.

தளை: இரண்டு சீர் சேரும் இடம்

சீர்களை வரிசையாக அடுக்கிவிட்டால் பாட்டு வந்துவிடாது. ஒரு சீர் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம்தான் நடையைத் தீர்மானிக்கிறது. அந்த இணைப்புக்குத் தளை என்று பெயர்.

செங்கல் சுவர் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கொத்தனார் ஒரு வரிசையில் இரண்டு கல் சேரும் இடத்துக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் இணைப்பு வராமல் பார்த்துக்கொள்வார். இணைப்பு மாறி மாறி விழுந்தால்தான் சுவர் பிளக்காது. குறள் வெண்பா வகையைச் சேர்ந்தது. வெண்பாவில் ஈரசைச் சீர்களும் இப்படித்தான் மாறி விழுகின்றன. ஒரு சீர் நேரில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். நிரையில் முடிந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். இலக்கணத்தில் இதைத்தான் 'மா முன் நிரை, விளம் முன் நேர்' என்கிறார்கள் (இங்கே 'முன்' என்றால் 'அடுத்து' என்று பொருள்). காய்ச்சீருக்கு மட்டும் தனி விதி, அதை அடுத்து நேர் வரும்.

மேலே உள்ள பட்டியலில் விரலை வைத்துப் பாருங்கள். தேமா நேரில் முடிகிறது, அடுத்த 'கச' நிரை. கருவிளம் நிரையில் முடிகிறது, அடுத்த 'கற்' நேர். கடைசி வரைக்கும் ஓர் இடத்திலும் பிசகவில்லை. இப்போது 'கசடற' என்பதை எடுத்துவிட்டு 'நன்றாக' என்று வைத்துப் பாருங்கள். 'கற்க நன்றாகக் கற்பவை கற்றபின்'. பொருள் ஏறத்தாழ அதேதான், இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் 'கற்க' நேரில் முடிந்து 'நன்' என்று நேரிலேயே தொடங்குகிறது. வாய்விட்டுச் சொன்னால் அந்த இடத்தில் ஒரு தட்டல் தெரியும். வெண்பாவின் நடை அங்கே அறுந்துவிட்டது.

இது எல்லாப் பாவுக்கும் பொதுவான சட்டம் அல்ல. சங்கப் பாடல்களில் பெரும்பாலானவை ஆசிரியப்பா. அதற்குரிய தளை நேருக்கு நேர், நிரைக்கு நிரை என்று ஒன்றி வருவது. மற்றத் தளைகளும் இடையிடையே கலக்கும். அதனால் வெண்பா ஒருவர் எடுத்துச் சொல்வது போலவும், ஆசிரியப்பா ஒருவர் பேசிக்கொண்டே போவது போலவும் கேட்கும். சந்தப் பாடல்கள் வேறு கணக்கு. அருணகிரிநாதரின் திருப்புகழை அசை பிரித்தால் மட்டும் போதாது. குறில் எது, நெடில் எது, ஒற்று வல்லினமா மெல்லினமா என்பது வரைக்கும் அங்கே திட்டமாக வரும். 'தன தான தந்த' என்று தத்தகாரம் போட்டுத்தான் அதைப் பிடிக்க முடியும்.

இதுவரை பார்த்தது பாட்டின் நடை. குரல் ஒரு தடவை நகர்வது அசை. அசைகள் சேர்ந்தது சீர், அது சொல்லாக இருக்க வேண்டியதில்லை. சீரும் சீரும் சேரும் இடம் தளை. பாவின் தன்மை தெரிவது அந்த இடத்தில்தான்.

எதுகையும் மோனையும் இருக்கும் இடம்

இனி ஒலி திரும்பி வருவதைப் பார்க்கலாம். தமிழில் இதன் இடம் பெரும்பாலும் வரியின் தலைப்பக்கம். அடிகளிலோ ஓர் அடியின் சீர்களிலோ முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. கடைசியில் ஒன்றி வந்தால் இயைபு. மூன்றுக்கும் பொதுப்பெயர் தொடை. மேடைப் பேச்சில் நாம் கேட்டுக் கைதட்டுவது பெரும்பாலும் மூன்றாவதுக்கு.

எதுகைக்கு இன்னொரு நிபந்தனை உண்டு, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் எழுத்து ஒன்றாக இருப்பதோடு, முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'கட்டு', 'மெட்டு' எதுகை. 'கட்டு', 'பாட்டு' எதுகை ஆகாது. இரண்டிலும் ட் இருந்தாலும் ஒன்று குறிலில் தொடங்குகிறது, மற்றது நெடிலில்.

மோனைக்கு அதே எழுத்துதான் வர வேண்டும் என்பது இல்லை. காதுக்கு நெருக்கமான ஒலிகள் ஒரு குடும்பமாகக் கருதப்படும். அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம். இ, ஈ, எ, ஏ இன்னொன்று, யா-வும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். உ, ஊ, ஒ, ஓ மூன்றாவது. மெய்களில் ச-வும் த-வும், ஞ-வும் ந-வும், ம-வும் வ-வும் இணைகள்.

மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கப் பாப்பாப் பாட்டைவிட நல்ல இடம் இல்லை.

ஓடி விளையாடு பாப்பா! – நீ
ஓய்ந்திருக்க லாகாது பாப்பா!
கூடி விளையாடு பாப்பா! – ஒரு
குழந்தையை வையாதே பாப்பா!

'ஓடி', 'கூடி': இரண்டாம் எழுத்து டி, முதல் எழுத்து இரண்டும் நெடில். எதுகை. 'ஓடி', 'ஓய்ந்திருக்க': மோனை. 'கூடி', 'குழந்தையை': கூ-வும் கு-வும் ஒரே குடும்பம் என்பதால் மோனை. 'பாப்பா' நான்கு வரியிலும் கடைசியில் வருவதால் இயைபு (கோட்டுக்குப் பின் வரும் 'நீ', 'ஒரு' இரண்டும் அடுத்த வரியோடு சேர்பவை). ஒரு குழந்தைக்குச் சொல்லும் நான்கு வரியில் இவ்வளவும் இருக்கிறது, ஒன்றுகூட வலிந்து வைத்ததாகத் தெரியவில்லை.

பெயர் வைத்ததோடு நிறுத்திவிடாமல் அடுத்த கேள்விக்கு வருவோம். இவை இங்கே என்ன வேலை செய்கின்றன? மோனை ஒவ்வொரு அறிவுரையையும் இரண்டு வரியாக இணைக்கிறது. ஓ-வில் தொடங்கிய வரியை அடுத்த வரியும் ஓ-விலேயே எடுத்துக்கொள்கிறது, அது ஒரு பேச்சு. கூ-வில் அடுத்த பேச்சு தொடங்குகிறது. எதுகை அந்த இரண்டு பேச்சையும் கோத்துவிடுகிறது. ஓடுவதும் கூடுவதும் ஒரே விளையாட்டின் இரண்டு பக்கம் என்று சொல்லாமலே காதில் ஏற்றிவிடுகிறது. 'பாப்பா' வரிக்கு வரி குழந்தையைக் கூப்பிட்டுத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கிறது. சின்னக் குழந்தையோடு பேசியவர்களுக்கு அதன் தேவை தெரியும்.

தமிழ் மரபு ஏன் தலைப்பக்கத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தது? என் கணிப்பு இது. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடியும். வினைகள் எல்லாம் ஒரே மாதிரி முடியும். வந்தான், நின்றான், சென்றான் என்று மூன்று வரி எழுதினால் இயைபு தானாக விழுந்துவிடுகிறது. எந்த முயற்சியும் இல்லாமல் கிடைப்பதைக் காது பெரிதாக மதிக்காது. தொடக்கத்தில் ஒலியைப் பொருத்த வேண்டுமானால் சொல்லைத் தேடித்தான் ஆக வேண்டும். ஆனாலும் இயைபைக் குறைவாக நினைக்க வேண்டாம். சிந்துப் பாடல்களிலும் திரைப்பாடல்களிலும் அது மெட்டோடு சேர்ந்து பெரிய வேலை செய்கிறது.

சுருக்கமாக: முதல் எழுத்து மோனை, அளவொத்த முதலெழுத்தோடு இரண்டாம் எழுத்து எதுகை, கடைசி இயைபு. கண்டுபிடித்த பிறகு, எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லையும் அது இணைக்கிறது என்று பாருங்கள்.

திரும்ப வரும் சொல்

ஒரு சொல் மறுபடி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அதே பொருளில்தான் வருகிறதா என்பதை. இரண்டாவது, அதே இடத்தில்தான் வருகிறதா என்பதை.

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை.

பள்ளியில் நாக்குச் சுழற்றும் விளையாட்டாகவே இந்தக் குறளைக் கடந்துவிடுகிறோம். பரிமேலழகர் பிரித்துக் காட்டுவதைப் பாருங்கள். துப்பார் என்றால் உண்பவர். துப்பாய என்றால் நல்ல. துப்பாக்கி என்றால் உணவை உண்டாக்கி. மறுபடி உண்பவர்க்கு, தானும் உணவாக இருப்பது மழை. ஒரே ஒலி, ஆனால் உண்பவர், உணவின் நன்மை, உணவு என்று பொருள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மழையால் விளைந்ததை உண்கிறோம், மழையையே தண்ணீராகக் குடிக்கிறோம். உண்பவரும் உணவும் அதை விளைவித்ததும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை ஒரே ஒலியில் கட்டிக் காட்டியிருக்கிறார்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஏழு சீரில் ஆறு சீர் து அல்லது தூ-வில் தொடங்குகிறது. ஏழாவது மட்டும் இல்லை. அந்த ஏழாவது சீர்தான் 'மழை'. யாரைப் பற்றிப் பேசுகிறார் என்பதே கடைசிச் சொல் வரை தெரியாது. 'தூஉம்' என்ற இடத்தையும் கவனியுங்கள். 'துப்பாயதூஉம்' என்ற ஒரே சொல்லைத்தான் சீர் இரண்டாக வெட்டியிருக்கிறது, வெட்டிய இடத்திலும் த வரிசை ஒலிதான் தலையில் வருகிறது. வெறும் 'தூம்' என்று இருந்தால் ஓரசையாகக் குறுகி நடை தட்டும். ஊ-வை நீட்டி 'தூ-உம்' என்று இரண்டு அசையாக்கி இடத்தை நிரப்பியிருக்கிறார். இப்படி ஓசைக்காக உயிர் நீள்வதற்கு அளபெடை என்று பெயர்.

சொல் திரும்பும் இடத்தையே சட்டமாக்கிக்கொண்டது அந்தாதி. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம் ஆகும். அபிராமி அந்தாதி 'உதிக்கின்ற' என்று தொடங்கி, நூறாவது பாட்டில் 'உதிக்கின்றவே' என்று முடிந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்.

இப்போது 'கற்க' குறளுக்குத் திரும்பலாம்

நடை பிரித்தாயிற்று. எதுகை? 'கற்க', 'நிற்க'. இரண்டாம் எழுத்து ற், முதல் எழுத்து இரண்டும் குறில். மோனை? முதல் அடியின் நான்கு சீரும் க-வில் தொடங்குகின்றன. இதற்கு முற்று மோனை என்று பெயர். திரும்ப வரும் சொல்? கல் என்ற வேரில் பிறந்த மூன்று சொற்கள்.

இந்தப் பட்டியலோடு நிறுத்தினால் அது தேர்வு விடை. பொருளோடு சேர்த்துப் பார்ப்போம். கற்க, கற்பவை, கற்றபின்: முதலாவது கட்டளை, இரண்டாவது கற்க வேண்டிய நூல்கள், மூன்றாவது கற்று முடித்த நிலை. ஒரே வேர் மூன்று வடிவம் எடுக்கும்போது ஒரு படிப்பே தொடங்கி முடிந்துவிடுகிறது. முதல் அடி முழுக்கப் படிப்பு. இரண்டாம் அடியில் கல் என்ற வேரில் பிறந்த சொல் ஒன்றுகூடக் கிடையாது, க-வில் தொடங்கும் சீரும் இல்லை. படிப்பு முடிந்தது, இனி நடப்பு. அந்த மாற்றத்தைக் காது முதலிலேயே கேட்டுவிடுகிறது.

அப்படியானால் இரண்டு அடியும் பிரிந்து போய்விடாதா? அங்கேதான் எதுகை வருகிறது. கற்க, நிற்க. ஓர் எழுத்து மட்டுமே வேறு. இரண்டும் கட்டளை, இரண்டும் அடியின் தலையில். கற்பதும் கற்றபடி நிற்பதும் ஒரே கட்டளையின் இரண்டு பாதி என்பதை எதுகை கட்டிக் காட்டுகிறது. அந்த இடத்தில் 'நட' என்றோ 'வாழ்க' என்றோ வைத்திருந்தால் பொருள் கிட்டத்தட்ட வந்திருக்கும், இந்தக் கட்டு வந்திருக்காது.

இந்தக் குறளைப் பற்றி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் செய்தி ஒன்று உண்டு. இதில் துணைக்கால் எழுத்தே இல்லை, ஏனென்றால் கற்றவனுக்குத் துணை தேவையில்லை என்று வள்ளுவர் குறிப்பாகச் சொல்கிறாராம். அன்போடு பகிரப்படும் செய்திதான், ஆனால் இது ஆய்வு ஆகாது. துணைக்கால் என்பது எழுதும் வடிவம். வள்ளுவர் காலத்து எழுத்து வடிவம் இன்று நாம் எழுதும் வடிவம் அல்ல. எதுகை, மோனை, அசை எல்லாம் காதுக்கானவை, கண்ணுக்கானவை அல்ல.

அந்தச் செய்தி தொட்டுவிட்டு விட்டுவிட்ட உண்மை ஒன்று அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தக் குறளில் துணைக்கால் மட்டுமல்ல, நீண்டு ஒலிக்கும் எழுத்தே இல்லை. ஏ இல்லை, ஓ இல்லை, ஈ இல்லை. 'கற்பவை' என்பதில் உள்ள ஐ மட்டும் இருக்கிறது, அதுவும் சொல்லின் கடைசியில் குறுகித்தான் ஒலிக்கும். ஏழு சீரில் ஐந்தில் ற் வந்து குரலைத் தடுக்கிறது: கற்க, கற்பவை, கற்றபின், நிற்க, அதற்குத். எங்கேயும் நீட்ட முடியாது, இழுத்துப் பாட முடியாது. வெட்டி வெட்டிச் சொல்லும் ஆசிரியரின் குரல். கடைசிச் சீர் 'தக' மட்டும் ஒற்றே இல்லாமல் விட்டு ஒலிக்கிறது. துணைக்கால் கதையைவிட இது எவ்வளவோ பெரிய நுட்பம், வாய்விட்டுச் சொன்னால் யாருக்கும் கேட்கும்.

அமைப்பு உடையும் இடம்

ஒழுங்கைக் கண்டுபிடித்த பிறகு அது எங்கே உடைகிறது என்று தேடுங்கள். நல்ல கவிஞர் கையில் அது பெரும்பாலும் காரணத்தோடுதான் உடையும். குறுந்தொகையின் 40ஆவது பாட்டு இது.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

என் தாயும் உன் தாயும் யார் யாரோ. என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் உறவு? நானும் நீயும் எப்படி அறிந்தோம்? செம்மண்ணில் பெய்த மழைநீர் போல அன்புள்ள நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன.

முதல் மூன்று அடியும் ஒரே அச்சில் வார்த்தது. யாயும் ஞாயும், எந்தையும் நுந்தையும், யானும் நீயும். ஒவ்வோர் அடியும் 'என்', 'உன்' என்று இரண்டாகப் பிரிந்து, இரண்டு 'உம்' போட்டு, ஒரு கேள்வியில் முடிகிறது. அந்த அடிகளில் மோனையும் உண்டு. யாயும், யாரா, எந்தையும், எம்முறை, யானும், எவ்வழி. முதல் அடியின் முதல் மூன்று சீரும் தேமா, எல்லாம் நேர், நிதானமான நடை. தலைவன் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துக் கேட்கிறான்.

நான்காவது அடியில் எல்லாம் மாறுகிறது. இணை இல்லை, 'உம்' இல்லை, கேள்வி இல்லை, 'என்', 'உன்' என்ற பிரிவே இல்லை. அடியும் மூன்று சீராகக் குறைகிறது. கடைசிக்கு முந்தைய அடி இப்படிக் குறைந்து வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். மூன்று அடியாக இரண்டு இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டு வந்தவர், கலந்ததைச் சொல்லும்போது பிரித்துச் சொல்வதை விட்டுவிட்டார். இலக்கணப்படி அடி குறைய வேண்டிய இடத்தையே பொருள் திரும்பும் இடமாக வைத்துக்கொண்டார். பாட்டின் புகழ் முழுவதையும் நாம் 'செம்புலப் பெயல்நீர்' என்ற உவமைக்கே கொடுத்துவிடுகிறோம். அதற்குச் சமமான வேலையை அந்த மூன்று அடி இரட்டைச் சொற்களும் செய்திருக்கின்றன.

இங்கே அடிகளின் தலையில் எதுகையைத் தேடினால் கண்டிப்பான எதுகை கிடைக்காது. 'செம்புல', 'அன்புடை' என்ற இடத்தில் ம்-மும் ன்-னும் மெல்லினம் என்பதால் ஓர் இன எதுகை உண்டு. சங்கப் பாடல்களில் எதுகை கட்டாயம் அல்ல. அது இல்லை என்பதற்காகக் குறை சொல்லவும் வேண்டாம், இருப்பதாகக் காட்ட வலிந்து தேடவும் வேண்டாம்.

புதுக்கவிதை என்றால்?

புதுக்கவிதையை அலகிட்டுப் பார்ப்பதில் பெரும்பாலும் பயன் இல்லை. அது தளையை விட்டுவிட்டு எழுதப்பட்டது. ஆனால் திரும்ப வரும் சொல்லை அது விடவில்லை. யாப்பு போன பிறகு அந்தப் பாரம் முழுவதும் சொல்லின் மீதும் வரி முறியும் இடத்தின் மீதும் ஏறியிருக்கிறது. எனவே முதலில் வாய்விட்டுப் படியுங்கள். மறுபடி வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள். அதே சொல் கடைசி முறை வரும்போது பக்கத்தில் இருக்கும் சொற்கள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். வரியை ஏன் அந்த இடத்தில் முறித்தார் என்று தெரிய, அதை உரைநடையாகச் சேர்த்து எழுதிப் பாருங்கள். சேர்த்து எழுதியும் எதுவும் குறையவில்லை என்றால் அந்த முறிவு அங்கே தேவையில்லாதது, அதை உங்கள் விமர்சனத்தில் தயங்காமல் எழுதலாம்.